பீரோவுக்குள் இருக்கும் இரண்டு நிமிடம்

ஏழாம் வகுப்புக்கு வேண்டியது இரண்டே நிமிடம். கூட்டுப்புழுவின் ஓடு பிளக்கிறது, கசக்கிப் போட்ட துணி மாதிரி ஏதோ ஒன்று வெளியே தொங்குகிறது, கொஞ்ச நேரத்தில் அதுவே சிறகாக விரிகிறது. அவ்வளவுதான். அந்த இரண்டு நிமிடம் எங்கள் பள்ளி ஆய்வக பீரோவில், ‘பூச்சிகள் 2’ என்று மார்க்கர் பேனாவால் எழுதிய ஒரு விசிடிக்குள் கிடக்கிறது. சிடி மொத்தம் 52 நிமிடம் ஓடும். வேண்டிய காட்சி 23ஆவது நிமிடத்தில் வருகிறது என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாலை போனது.

புதிதாக வந்திருக்கும் அறிவியல் டீச்சர்தான் கேட்டார். “சார், இதைப் பென் டிரைவ்ல போட்டுத் தர முடியுமா? என் லேப்டாப்ல சிடி போடுற இடமே இல்ல.”

“அதுக்கென்ன டீச்சர், நாளைக்கே தர்றேன்” என்று சொல்லிவிட்டேன். அந்த நாளை வர ஒன்பது நாள் ஆயிற்று. ஆளுக்கொரு வழி சொன்னார்கள். ஸ்க்ரீனை அப்படியே ரெக்கார்ட் பண்ணுங்க என்றார் ஒருவர். செல்போனில் எடுத்துவிடலாமே என்றார் இன்னொருவர். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் இருக்க வேறெதற்கு என்றான் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகன். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடுவது என்று மூன்று டிஸ்க்குகளை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒன்று அந்தப் பூச்சி விசிடி. இரண்டாவது, கடையில் காசு கொடுத்து வாங்கிய கடல் ஆமைகள் பற்றிய டிவிடி. மூன்றாவது, 2010 ஜனவரி 15 அன்று தனுஷ்கோடியில் தெரிந்த வளைய சூரிய கிரகணத்தை எங்கள் பி.டி. சார் ஹேண்டிகேமில் எடுத்த, உள்ளங்கையில் அடங்குகிற குட்டி டிஸ்க்.

மூன்றும் மூன்று விதமாகப் படுத்தின. அதனால் ‘எது சிறந்த வழி’ என்று யாராவது கேட்டால், கையில் இருப்பது என்ன டிஸ்க், அதை எத்தனை முறை காட்டப்போகிறீர்கள் என்ற இரண்டையும் முதலில் கேட்பேன்.

எடுக்காமலே காட்டுவது

ஒரே ஒரு செக்ஷன், வருடத்துக்கு ஒரு முறை, டிஸ்க்கும் நல்ல நிலையில் இருக்கிறது என்றால் துண்டு வெட்டவே வேண்டாம். டிஸ்க்கைப் போட்டு நேராக அந்த இடத்துக்குப் போய்விடலாம். விஎல்சி பிளேயரில் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு ‘டி’ தட்டினால் நேரம் கேட்கும். 23:40 என்று கொடுத்தால் அங்கே போய் நிற்கும். டிவிடியைத் திறக்கும்போது ‘டிஸ்க் மெனு வேண்டாம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டால், தாண்டவே விடாத எச்சரிக்கைப் பலகைகளும் விநியோகஸ்தர் விளம்பரங்களும் வராது. வீட்டு டிவிடி பிளேயரில் இவற்றைத் தாண்ட முடியாமல் நின்று, பையன்கள் பேச ஆரம்பித்து, நாற்பது நிமிட பீரியடில் எட்டு நிமிடம் பறிபோன அனுபவம் எனக்கு உண்டு.

இந்த வழிக்குத் தேவையான ஒரே கருவி பேனா. காட்சி தொடங்கும் நேரம், முடியும் நேரம், எந்தப் பாடம் என்று டிஸ்க் உறையின் மேல் எழுதி வைப்பது. இதைப் பெரிய விஷயமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஒன்பது நாளில் பெரும்பகுதி போனது வெட்டுவதற்கு அல்ல, தேடுவதற்கு. எந்த மென்பொருளும் 52 நிமிடத்தைப் பார்த்து நமக்கு வேண்டிய இரண்டு நிமிடத்தைச் சொல்லித் தராது. ஒருவர் உட்கார்ந்து பார்த்துக் குறித்தால்தான் உண்டு. அந்தக் குறிப்பு இருந்தால் எந்த வழியில் போனாலும் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆனால் எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு மூன்று செக்ஷன். வருடா வருடம் காட்டவேண்டிய பாடம். போதாததற்கு டிஸ்க் டிரைவ் உள்ள லேப்டாப் ஒன்றே ஒன்று. அது ஆபீஸில் சம்பளப் பட்டியல் போடுகிற வேலையில் இருக்கிறது. எடுத்துத்தான் ஆகவேண்டும்.

விசிடி: எளிது, ஆனால் நோஞ்சான்

விசிடியில் நகலெடுக்க விடாத பூட்டு கிடையாது. 1993இல் வந்த தொழில்நுட்பம் அது. கணினியில் போட்டால் எம்பெக்ஏவி என்று ஒரு ஃபோல்டர் தெரியும். அதற்குள் டிஏடி என்ற வால் வைத்த கோப்பு ஒன்றோ இரண்டோ இருக்கும். அதுதான் படம். அதை அப்படியே இழுத்து ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிட்டால் காரியம் முடிந்தது. விஎல்சி அதை நேராகவே ஓட்டும். சில மென்பொருள்கள் டிஏடியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வாலை எம்பிஜி என்று மாற்றினால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும்.

சிக்கல் கீறலில் இருக்கிறது. சிடியில் தகவல் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பதிந்திருக்கும். சாதாரண டேட்டா சிடியில் ஒவ்வொரு துண்டிலும் 2048 பைட் தகவலும், அது கெட்டுப்போனால் சரிசெய்துகொள்வதற்கான கூடுதல் குறியீடும் இருக்கும். விசிடி அந்தக் கூடுதல் பாதுகாப்பை விட்டுக்கொடுத்து 2324 பைட் படத்தை அடைக்கிறது. 700 எம்பி சிடியில் 800 எம்பி அளவு படம் கொள்வது அப்படித்தான். ஓட்டும்போது ஒரு துண்டு கெட்டால் திரையில் நான்கு சதுரம் தெறித்து மறையும், நாம் பொறுத்துக்கொள்வோம். ஆனால் விண்டோஸ் நகலெடுக்கும்போது பொறுக்காது. 96 சதவீதம் வந்தபிறகு பிழை என்று சொல்லி முழுக் கோப்பையும் கைவிட்டுவிடும்.

எனக்கும் அப்படித்தான் ஆனது. முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்கவேண்டும். வட்டமாகத் துடைத்தால் துணியில் ஒட்டிய மணல் பாதையோடு பாதையாகக் கீறிவிடும். பாதைக்குக் குறுக்கே விழுந்த கீறலைவிட அதைத் தாண்டிப் படிப்பது கருவிக்குக் கஷ்டம். இன்னொன்று: சிடியில் நாம் பத்திரமாகப் பாதுகாக்கும் பளபளப்பான அடிப்பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான பிளாஸ்டிக். உண்மையில் மென்மையானது எழுத்து இருக்கும் மேல்பக்கம்தான். அங்கே மெல்லிய பூச்சுக்குக் கீழேயே வெள்ளிப் படலம் இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதிய இரண்டு சிடிகளை வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து வடிவத்தில் ஓட்டை தெரிகிறது. அவை போனது போனதுதான்.

கழுவியும் நகல் வராதபோது ஒரு தவறு செய்தேன். டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பாக, ஐஎஸ்ஓ பிம்பமாக எடுத்துக்கொள்ளலாம் என்று எடுத்து, வேலை முடிந்தது என்று டிஸ்க்கை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். மறுநாள் திறந்தால் ஓடவில்லை. ஐஎஸ்ஓ என்பது 2048 பைட் கணக்கில் நடப்பது; விசிடியின் படப் பகுதி அதில் சரியாக உட்காராது. விசிடியைப் பிம்பமாக எடுப்பதென்றால் பின்-க்யூ என்ற ஜோடிக் கோப்பாக எடுக்கவேண்டும். கடைசியில் ஐஸோபஸ்டர் என்ற மென்பொருள்தான் கை கொடுத்தது. கெட்ட துண்டுகளைப் பொறுத்துக்கொண்டு மீதியை எடுத்துக் கொடுத்தது. 41ஆவது நிமிடத்தில் வரும் தும்பி ஒரு நொடி சதுரம் சதுரமாக உடைகிறது. இருக்கட்டும், எனக்கு வேண்டியது பட்டாம்பூச்சி.

தரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விசிடியின் படம் 352க்கு 288 புள்ளி. அதை ஹெச்டி ஆக்கித் தருகிறேன் என்று எந்த மென்பொருள் சொன்னாலும் நம்ப வேண்டாம், கோப்புதான் பெரிதாகும். பின் வரிசையில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். ஜன்னலை அட்டையால் மறைப்பது எந்த மென்பொருளையும்விட அதிகம் உதவும்.

டிவிடி: பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள்

டிவிடியில் வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டரும், அதற்குள் ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்கு மேல் போகாத விஓபி கோப்புகளும் இருக்கும். அரசு நிறுவனங்களும் தன்னார்வ அமைப்புகளும் பள்ளிகளுக்குக் கொடுத்த டிவிடிகளில், எங்கள் பீரோவில் இருக்கும் வரை, பூட்டு இல்லை. கோப்பை இழுத்துப் போட்டாலே வந்துவிடுகிறது. கடையில் விற்ற டிவிடிகளில் பலவற்றில் சிஎஸ்எஸ் என்ற மறையாக்கம் உண்டு. அதையும் இழுத்துப் போட முடியும், ஆனால் திறந்தால் பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் கட்டமாகக் குழம்பிக் கிடக்கும். அப்படித் தெரிந்தால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பூட்டியிருக்கிறது என்று பொருள். இந்தப் பூட்டின் சாவி 1999லேயே ஊருக்கெல்லாம் தெரிந்துபோனது. விஎல்சி பூட்டிய டிவிடியை ஓட்டுவது அதே வழியில் வந்த ஒரு நூலகக் கோப்பை, அதாவது மென்பொருள்கள் துணைக்கு வைத்துக்கொள்ளும் ஒரு கோப்பை வைத்துத்தான். சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆமை டிவிடியில் நான்கு வழிகளைப் பார்த்தேன்.

விஎல்சியிலேயே சிவப்புப் பொட்டு போட்ட ரெக்கார்ட் பொத்தான் இருக்கிறது. சாதாரணமாகத் தெரியாது, வியூ மெனுவில் அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸை இயக்கினால் வரும். காட்சி தொடங்கும்போது ஒரு தட்டு, முடியும்போது ஒரு தட்டு. துண்டு வீடியோஸ் ஃபோல்டரில் போய் உட்கார்ந்துவிடும். தரம் குறையாது, புதிதாக எதையும் நிறுவவேண்டாம். அவசரத்துக்கு இதை மிஞ்ச ஆளில்லை. காலையில் பிரேயர் மணி அடித்த பிறகு ஒருவர் வந்து கேட்டால் இதைத்தான் செய்து கொடுப்பேன். ஆனால் அப்படி எடுத்த துண்டுகள் சில நேரம் கோணலாக நடந்துகொள்கின்றன. இரண்டு நிமிடக் காட்சிக்கு மொத்த நேரம் 49 நிமிடம் என்று காட்டியது ஒன்று. இன்னொன்றில் பட்டையை இழுத்தால் படம் நகரவே இல்லை. வகுப்பில் “திரும்பப் போடுங்க சார்” என்று பையன்கள் கேட்கும்போது இழுத்துப் போக முடியாவிட்டால் எரிச்சலாக வரும்.

ஸ்க்ரீன் ரெக்கார்டிங் இரண்டாவது. ஓபிஎஸ் ஸ்டூடியோ இலவசம், நல்ல மென்பொருள், அதில் குறையில்லை. ஆனால் படம் ஒரு முறை விரிந்து, திரையில் ஓடி, மறுபடி சுருங்கிக் கோப்பாகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் தேய்மானம். அதைவிட, திரையில் வருவதெல்லாம் படத்தில் வரும். என் முதல் பதிவில், முட்டையிட்ட ஆமை மணலைத் தள்ளிக்கொண்டிருக்கிற நேரத்தில், ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது என்ற மஞ்சள் பெட்டி ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தது. இரண்டாவது பதிவில் மவுஸ் அம்பு ஆமையின் முதுகிலேயே உட்கார்ந்திருந்தது. மூன்றாவது சரியாக வந்தது. இணையத்தில் மட்டும் ஓடக்கூடிய பாடங்களுக்கு இந்த வழி வேண்டியிருக்கலாம். கையில் டிஸ்க் இருக்கும்போது சுற்றுவழி எதற்கு?

ஹேண்ட்பிரேக் மூன்றாவது. டிவிடியைக் கொடுத்தால் அதிலுள்ள டைட்டில்களை, அதாவது தனித்தனிப் படங்களைப் பட்டியலிடும். எங்கிருந்து எதுவரை என்று சாப்டர் கணக்கிலோ நொடிக் கணக்கிலோ சொன்னால் அந்தத் துண்டை மட்டும் எம்பி4 ஆக்கித் தரும். ஸ்மார்ட் போர்டு, டிவி, செல்போன் எல்லாம் மறுபேச்சில்லாமல் ஓட்டும் வடிவம் அது. இரண்டு நிமிடத் துண்டு டிவிடியில் 75 எம்பி இருந்தால் இதில் 20, 25 எம்பிக்குள் வந்துவிடும். ஆனால் பூட்டிய டிவிடியை ஹேண்ட்பிரேக் தானாகத் திறக்காது; அந்த நூலகக் கோப்பைத் தனியாகச் சேர்க்கவேண்டும். அண்ணன் மகன் இதைச் சொல்லவில்லை. அரை மணி நேரம் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஹேண்ட்பிரேக்கில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. பழைய டிவிடிகளில் பல, டிவிக்காக எடுத்தவை. ஒவ்வொரு பிரேமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டு நேரங்களில் எடுத்த பாதிகளைப் பின்னியது. பழைய டிவியில் தெரியாது. புரொஜெக்டரில் போட்டால், அசையாத இடம் சரியாக இருக்கும், அசைகிற இடத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும். ஆமைக் குஞ்சு மணலில் துடுப்பு போடும்போது துடுப்பு முழுக்கச் சீப்பு. ஃபில்டர்கள் பக்கத்தில் டீஇன்டர்லேஸ் என்பதை இயக்கினால் சரியாகிவிடும். இதை விட்டுவிட்டு எம்பி4 ஆக்கினால் சீப்பு படத்தோடு ஒட்டிப்போய்விடும், பிறகு எடுப்பது பெரும்பாடு.

நான்காவது வழிதான் எனக்குப் பிடித்துப்போனது. மேக்எம்கேவி என்ற மென்பொருளால் டிவிடியின் முழு டைட்டிலையும் ஒரே கோப்பாக எடுத்துக்கொள்வது. டிவிடிக்கு அது காசு கேட்பதில்லை. சுருக்குவதும் விரிப்பதும் கிடையாது, டிஸ்க்கில் இருந்தது அப்படியே வரும். பிறகு லாஸ்லெஸ்கட் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் திறந்து, தொடக்கம் ஒரு தட்டு, முடிவு ஒரு தட்டு, ஏற்றுமதி. துணியைக் கத்தரிக்கோலால் வெட்டுவது மாதிரி, இழையைத் தொடாமல் வெட்டுகிறது. இரண்டு நிமிடத் துண்டு சில நொடிகளில் கிடைத்துவிடும். வெட்டு மிகத் துல்லியமாக இருக்காது. படத்தில் முழுமையான பிரேம் அரை நொடிக்கு ஒன்று என்கிற அளவில்தான் வரும். வெட்டு அங்கேதான் விழும். வகுப்பறைக்கு அரை நொடி முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

முழு டிவிடியை எடுக்க எங்கள் பழைய டிரைவில் இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது, கோப்பும் நான்கு ஜிபியைத் தொட்டது. இரண்டு நிமிடத்துக்காக இவ்வளவா என்று தோன்றும். ஆனால் அடுத்த மாதம் ஒன்பதாம் வகுப்புக்கு அதே டிவிடியிலிருந்து கடலோரத் தாவரங்கள் வேண்டும் என்று ஒருவர் வருவார். டிஸ்க்கை மறுபடி தேடவேண்டாம், டிரைவைக் கெஞ்சவேண்டாம். டிஸ்க்குகளும் டிரைவ்களும் செத்துக்கொண்டிருக்கிற காலத்தில், ஒரு முறை சுழலும்போதே முழுதாக வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. பென் டிரைவ் எஃப்ஏடி32 என்ற முறையில் ஃபார்மேட் செய்ததாக இருந்தால் நான்கு ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். முழு நகல் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும், துண்டு மட்டும் பென் டிரைவுக்குப் போகட்டும்.

வெட்டிய துண்டை ஸ்மார்ட் போர்டு ஓட்ட மறுத்தால், அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் ஹேண்ட்பிரேக்குக்குக் கொடுங்கள். அப்போது அதற்கு வேலையும் குறைவு, பூட்டுப் பிரச்சினையும் இல்லை.

வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வந்த டிவிடியாக இருந்தால், எந்தெந்த நாட்டில் ஓடலாம் என்று டிஸ்க்கில் பதித்திருக்கும் மண்டலக் குறியீடு குறுக்கே வரலாம். இந்தியாவும் இலங்கையும் 5, சிங்கப்பூர் 3, துபாயும் லண்டனும் 2. டிரைவின் மண்டலத்தை மாற்றவா என்று கணினி கேட்கும். மொத்தம் ஐந்து முறைதான் மாற்றலாம், ஐந்தாவதில் பூட்டிக்கொள்ளும். ஒரே டிரைவ் உள்ள பள்ளியில் அந்தக் கேள்விக்கு ‘சரி’ என்று தட்டும் முன் யோசிக்கவேண்டும்.

கிரகண டிஸ்க்

குட்டி டிஸ்க்கின் கதை வேறு. எட்டு சென்டிமீட்டர் அகலம், 1.4 ஜிபி, ஹேண்டிகேமில் 20 முதல் 30 நிமிடம் பதியும். 2010இல் பத்தாம் வகுப்பு மாணவர்களைத் தனுஷ்கோடிக்கு அழைத்துப் போனபோது எடுத்தது. மதியம் ஒரு மணிக்கு மேல், சுமார் பத்து நிமிடம், சூரியன் வளையல் மாதிரி நின்றது. எந்த நிறுவனப் படத்திலும் கிடைக்காத ஒன்று இதில் இருக்கிறது: நம் பையன்களின் சத்தம்.

டிரைவில் போட்டதும் ‘டிஸ்க் காலியாக இருக்கிறது, பயன்படுத்தத் தயார் செய்யவா’ என்று விண்டோஸ் கேட்டது. எனக்கு வயிறு கலங்கியது. வேண்டாம் என்று தட்டி வெளியே எடுத்துவிட்டேன். பதிந்து முடித்த பிறகு கேமராவிலேயே ‘ஃபைனலைஸ்’ செய்தால்தான் மற்ற கருவிகள் அந்த டிஸ்க்கைப் படிக்கும்; பி.டி. சார் செய்யவில்லை. அப்போது யாருக்குத் தெரியும்! கேமரா அவருடைய மச்சான் வீட்டுப் பரணில் இருந்தது. பேட்டரி உப்பிக் கிடந்தது, நல்லவேளையாக அடாப்டர் வேலை செய்தது. அதில் போட்டு ஃபைனலைஸ் கொடுத்த பிறகு எந்தக் கணினியிலும் சாதாரண டிவிடி மாதிரி திறந்தது. பூட்டும் இல்லை. இந்தக் குட்டி டிஸ்க்கைத் தட்டு வெளியே வரும் டிரைவில்தான் போடவேண்டும். வாய்க்குள் இழுத்துக்கொள்ளும் வகை டிரைவில் போட்டால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

எடுத்த கோப்பில் சூரியன் முட்டையாக இருந்தது. டிவிடி எந்த விகிதப் படத்தையும் 720க்கு 576 என்ற ஒரே சட்டத்தில்தான் அடைக்கிறது. ஓட்டும்போது எவ்வளவு அகலத்துக்கு விரிக்கவேண்டும் என்பதை ஒரு சிறு குறிப்பு சொல்லும். நான் முதலில் பயன்படுத்திய மாற்றி அந்தக் குறிப்பைத் தொலைத்துவிட்டது. ஆமையில் இதைக் கவனித்திருக்கவே மாட்டேன், கொஞ்சம் ஒல்லி ஆமை என்று விட்டிருப்பேன். வட்டம்தான் காட்டிக்கொடுத்தது. மறுபடி மேக்எம்கேவி வழியில் எடுத்ததில் சூரியன் உருண்டையானது. எந்த வழியில் எடுத்தாலும், படத்தில் வட்டமான ஒன்றைத் தேடி ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

கடைசிக் கைகள்

செல்போனில் திரையைப் படம் பிடிப்பதை நான் கேலி செய்ய மாட்டேன். கணினியில் டிரைவே இல்லை, டிவிடி பிளேயரும் டிவியும்தான் இருக்கிறது என்றால் வேறென்ன செய்வது? பழைய குண்டு டிவி என்றால் கறுப்புப் பட்டை மேலும் கீழும் ஓடும், எல்சிடி என்றால் அலை அலையாகக் கோடு வரும், பக்கத்து அறை ஃபேன் சத்தம் படத்தோடு வரும். ஒரு தடவைக்குப் போதும், வைத்துக்கொள்ள ஆகாது.

அதைவிட மேல், டிவிடி பிளேயரின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களை வாங்கி யூஎஸ்பியாக மாற்றும் சின்ன கேப்சர் குச்சி. படம் கொஞ்சம் மங்கும், டிரைவர் மென்பொருள் தேடுவது தலைவலி, கடை டிவிடிகளில் நகல் தடுப்பு இருந்தால் வெளிச்சம் கூடிக் குறைந்து ஆடும். ஆனால் இதற்கு ஒரு தனி இடம் இருக்கிறது. கணினி டிரைவ் ‘படிக்க முடியவில்லை’ என்று துப்பிவிடுகிற கீறல் டிஸ்க்கை, வீட்டு பிளேயர் பல நேரம் தாண்டித் தாண்டி ஓட்டிவிடும். அப்படி ஓடும்போது பிடித்துக்கொள்ள இந்தக் குச்சிதான் ஒரே வழி. எங்கள் பீரோவில் இரண்டு விசிடிகள் இப்படித்தான் மீண்டன.

சட்டம்

இணையத்தில் இதைப் பற்றிப் படிப்பதில் பாதி அமெரிக்கச் சட்டம். அங்கே டிவிடி பூட்டைத் திறப்பதே தனிக் குற்றம். விலக்கு வேண்டுமென்றால் மூன்றாண்டுக்கு ஒரு முறை கேட்டு வாங்கவேண்டும். 2006இல் கல்லூரித் திரைப்படத் துறைப் பேராசிரியர்களுக்கு மட்டும் கிடைத்தது. பள்ளி ஆசிரியர்களுக்கு 2012இல்தான் வந்தது. அதைப் படித்துவிட்டு நம் ஊர் ஆசிரியர் பயப்படவேண்டியதில்லை, துணிச்சல் கொள்ளவும் வேண்டியதில்லை.

நம் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டுடையது. அதன் 52ஆம் பிரிவில், பாடம் நடத்தும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுப்பது உரிமை மீறல் ஆகாது என்று இருக்கிறது. கல்வி நிறுவனத்தின் பணிகளுக்குள், ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள் மட்டுமே பார்வையாளர்களாக இருக்கும்போது திரைப்படம் காட்டுவதும் மீறல் ஆகாது. ‘பாடம் நடத்தும் போக்கில்’ என்பது வகுப்பறையின் நான்கு சுவருக்குள் முடிந்துவிடுவதில்லை என்று 2016இல், டெல்லி பல்கலைக்கழக நகலகம் தொடர்பான வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றம் விரிவாகவே பொருள் கொண்டது. பூட்டு விஷயத்துக்கு 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு இருக்கிறது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டாண்டு வரை சிறை. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத ஒரு காரியத்துக்காகச் செய்வதை அது தொடவில்லை.

நான் வக்கீல் இல்லை. எனக்கு நானே போட்டுக்கொண்ட கோடு இது: பள்ளி காசு கொடுத்து வாங்கிய டிஸ்க், பாடத்துக்கு வேண்டிய துண்டு, பள்ளிக்கூடக் கணினி. இதற்குள் இருக்கும்வரை நிம்மதியாகத் தூங்குவேன். அந்தத் துண்டை யூடியூபில் ஏற்றுவதும், மாவட்ட வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிடுவதும் வேறு கணக்கு. கிரகணத்தை மட்டும் எங்கே வேண்டுமானாலும் போடலாம், அது பி.டி. சாருடையது, அதில் முகம் தெரியும் பிள்ளைகளின் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

இப்போது என்ன செய்கிறேன்

ஹைடெக் லேப் கணினிகளில் எதையும் நிறுவ எங்களுக்கு அனுமதியில்லை. அதனால் நிறுவாமலே ஓடும் விஎல்சியையும் லாஸ்லெஸ்கட்டையும் ஒரு பென் டிரைவில் வைத்திருக்கிறேன். யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றை என் காசில் வாங்கினேன். பழைய லேப்டாப்பில் ஒரு யூஎஸ்பி துளையின் மின்சாரம் அதற்குப் போதவில்லை, இரட்டைத் தலை ஒயர் போட்ட பிறகுதான் சுழன்றது. நல்ல விசிடி என்றால் இழுத்துப் போடுகிறேன், கீறல் என்றால் ஐஸோபஸ்டர். டிவிடி என்றால் முழு நகல். வெட்டுவது எப்போதும் லாஸ்லெஸ்கட். கோப்பின் பெயரில் வகுப்பு, பாடம், டிஸ்க் எண், நேரம். டிஸ்க் உறையிலும் அதே நேரக் குறிப்பு. மூலப் பிரதியை ஸ்டாக் ரிஜிஸ்டரில் இருக்கிறபடி பீரோவிலேயே விட்டுவிடுகிறேன். ஆய்வுக்கு வருகிறவர் பென் டிரைவை எண்ண மாட்டார், டிஸ்க்கைத்தான் எண்ணுவார்.

பட்டாம்பூச்சித் துண்டு கடைசியில் ஒரு நிமிடம் 55 நொடி, 20 எம்பி. டீச்சரிடம் கொடுத்தேன். மறுநாள் இடைவேளையில் வந்தார்.

“சார், நல்லா வந்திருக்கு. ஒண்ணு மட்டும். அந்த இங்கிலீஷ் கமென்ட்ரிய எடுத்துட முடியுமா? பிள்ளைங்களையே பார்த்துச் சொல்ல வைக்கலாம்னு.”

லாஸ்லெஸ்கட்டில் ஒலித் தடத்துக்கு எதிரே இருக்கும் குறியை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றுமதி கொடுத்தேன். பெல் அடிப்பதற்குள் முடிந்துவிட்டது.